மதிப்பீட்டுக்கு வந்தவருக்கு ஒரு தேத்தண்ணி

உங்கள் வீட்டுக்குச் சுகாதார நிலையத்திலிருந்து மதிப்பீட்டுக்கு ஆள் வந்தால் தேத்தண்ணி போட்டுக் கொடுக்காதீர்கள். வீட்டைக் கூட்டாதீர்கள். தலை வாரி இழுக்காதீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நல்ல சுகம் என்று சொல்லித் தொலைக்காதீர்கள்.

கோயிலில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "ராஜி, உங்களுக்கு வீட்டை ஆள் வந்து குளிக்க வாத்ததாமே, அது என்னெண்டு கிடைச்சது?" என்று. நின்று சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. பக்கத்தில் நிற்கிற என் கணவர் சப்பாத்தைத் தேடுகிற சாட்டில் மெல்ல நழுவிவிடுகிறார். ஆகவே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். நோய் வருத்தம் வந்தவர்களுக்கும் உதவும், வருத்தக்காரரை வைத்துப் பார்ப்பவர்களுக்கும் உதவும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் கார்த்திகை மாதம். நான் அப்போது மொன்றியலில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. பெட்டி உடைத்து, அழுகலைக் கழித்து, நல்லதை அடுக்குகிற வேலை. இரண்டு கிழமைக்கு முன்னர் எனக்கு வயிற்றோட்டம் வந்து மாறியிருந்தது. அதை யார் கணக்கெடுத்தார்? ஒருநாள் காலை கத்தரிக்காய் அடுக்கும்போது விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. குளிராக்கும் என்று இன்னொரு சோடி கையுறை போட்டேன். அடுத்தநாள் பாதம். அதற்கடுத்த நாள் பின்னேரம் மெட்ரோவின் படியில் கால் எழும்பவில்லை. எழும்பு என்கிறேன், அது கேட்கவில்லை. பின்னால் வந்த கூட்டம் 'பார்தோன்' என்று மன்னிப்புச் சொல்லிச் சொல்லி என்னை விலத்திக்கொண்டு போனது. கைப்பிடியைக் கட்டிப்பிடித்தபடி நாற்பத்திரண்டு வயதில் அந்தப் படியில் நின்று அழுதேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். சூரியன் படம் போட்ட சுகாதார அட்டையை என் மகள் அபி கையில் வைத்தபடி, ஒவ்வொரு பெயருக்கும் எழும்பி எழும்பி இருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. பிறந்ததும் படித்ததும் இங்கே, பிரெஞ்சில் கனவு காண்கிற பிள்ளை. "அம்மா, நடக்க ஏலாது எண்டு அவங்களுக்குச் சொல்லுங்கோ. நீங்க சிரிச்சுக்கொண்டு இருந்தா ஒருத்தரும் பாக்க மாட்டினம்" என்றாள். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். தாதி வந்து எப்படி என்று கேட்டபோது 'குட், குட்' என்றும் சொன்னேன். எங்கள் ஆட்களைச் சாகக் கிடக்கும்போது கேட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். அது பிழை என்று எனக்கு அப்போது தெரியாது.

விடியும்போது முழங்காலுக்குக் கீழே உணர்வே இல்லை. ஓர் இளம் வைத்தியர் ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவேயில்லை. இன்னொருமுறை தட்டினார். அவர் முகம் மாறியதைக் கண்டு என் கணவர் என்னுடைய கையைப் பிடித்தார். பதினேழு வருடக் கல்யாணத்தில் ஆட்களுக்கு முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அதை நான் மறக்கவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

பிறகு முதுகில் ஊசி. ஒருபக்கமாகச் சுருண்டு படுக்கச் சொல்லி, முள்ளந்தண்டின் எலும்புகளுக்கு இடையில் ஊசியேற்றி, உள்ளே இருக்கிற நீரைச் சொட்டுச் சொட்டாக எடுத்தார்கள். அதற்குப் பிறகு நரம்புச் சோதனை. கையிலும் காலிலும் சின்னச் சின்னதாகக் கரண்ட் வைத்து, செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். என் செய்தி ஓடவில்லை, தவழ்ந்தது. வருத்தத்துக்குப் பெயர் கியான்-பாரே. கண்டுபிடித்த பிரெஞ்சு வைத்தியர்களின் பெயராம். வைத்தியர் ஆங்கிலத்தில் மெதுவாக விளங்கப்படுத்தினார். வயிற்றுக்கு வந்த கிருமியை அடிக்க உடம்பின் காவல் எழும்பியது. கிருமி செத்த பிறகும் அது அடங்கவில்லை. என் நரம்புகளைச் சுற்றியிருக்கிற உறையையே எதிரி என்று நினைத்து உரிக்கத் தொடங்கிவிட்டது. "உங்கள் சொந்த ஆட்களே உங்களை அடிக்கிறார்கள்" என்றார். பகிடியாகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

ஐந்து நாள் கையில் மருந்து ஏறியது. ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற மருந்து அது. முகம் தெரியாத அத்தனை பேர் என் உடம்புக்குள் வந்து, சண்டையை விடு என்று சொன்னார்கள். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு குழாயைத் தந்து ஊதச் சொல்வார்கள். வருத்தம் மேலே ஏறி நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நின்றுவிடும், ஊதுகிற பலம் குறைந்தால் மெசினில் போடவேண்டும். இரவிலும் ஊத எழுப்புவார்கள். அபியை நினைத்துக்கொண்டு ஊதுவேன். எட்டாம் நாள் ஊதுகிற அளவின் இலக்கம் ஏறத் தொடங்கியது. அன்றைக்குத் தாதி கையைத் தட்டினாள்.

அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த அன்பை மறைக்கமாட்டேன். என் கணவர் நாலு மணிக்கே எழும்பி டோர்வலுக்குப் போய் விமானங்களுக்குச் சாப்பாட்டு வண்டில் ஏற்றுவார். அது முடிய, பாலத்தால் அக்கரை போய் புரோசார்ட்டில் அவருடைய தமையனின் கடையில் பின்னேர வேலை. இரண்டுக்கும் நடுவில் என்னிடம் ஓடிவருவார். வெறும் இருபது நிமிடம்தான், ஆனால் ஒருநாள்கூடத் தவறவில்லை. தமையனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் எண்பதுகளிலேயே வந்தவர். பிரெஞ்சை வழக்கறிஞர்போல் கதைப்பார். கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார், ஊரில் நாலுபேர் எழும்பி நின்று மரியாதை கொடுக்கிற ஆள். அத்தானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், புட்டும் இரசமும் கட்டிக்கொண்டு வந்து வாயில் ஊட்டிவிட்டார். பில் வருமென்று நான் பயந்துகொண்டிருந்தேன். தொலைக்காட்சி வாடகையைத் தவிர ஒன்றும் வரவில்லை. இப்படியொரு நாட்டில், இப்படியொரு குடும்பத்தில் இருக்கிறேனே என்று கண்ணைத் துடைத்தேன்.

தைப்பொங்கல் கழிய மீள்பயிற்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டார்கள். நடைதாங்கியைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடப்பேன். கையால் கோப்பை பிடிப்பேன், ஆனால் பொத்தான் போட வராது. தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முடியாது. முதுகுக்குக் கை போகாது. இதெல்லாம் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்காகும் என்றார்கள். விழுந்து எலும்பை உடைத்தால் எல்லாம் முதலிலிருந்து.

"வீட்டில் யார் உதவி?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். உங்கள் பகுதி நிலையத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள். இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் அப்படியொரு உள்ளூர்ச் சுகாதார நிலையம் உண்டு. நாலு பிரெஞ்சு எழுத்தால் அதைச் சொல்வார்கள். குழந்தைக்குத் தடுப்பூசியும் அங்கேதான், இரத்தம் எடுப்பதும் அங்கேதான். வயது போனவர்களுக்கும் வருத்தக்காரருக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் குளிக்கவார்ப்பது, உடுப்பு மாற்றுவது, பயிற்சி கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தக் காலத்தில்தான் அவற்றை ஆஸ்பத்திரியோடும் முதியோர் இல்லத்தோடும் சேர்த்து ஒரே நிர்வாகமாக்கினார்கள். பலகை புதிது, தொலைபேசி எடுப்பவர் புதிது, ஆட்கள் மட்டும் அதே கொஞ்சப் பேர்.

மதிப்பீட்டுக்கு நாள் வந்தது. இனி என்ன நடந்ததென்று கவனமாகக் கேளுங்கள்.

முதல்நாள் பின்னேரமே அக்கா வந்து வீட்டைக் கழுவித் துடைத்தார். காலையில் என்னைக் குளிக்கவார்த்து, தலை பின்னி, பச்சைச் சேலை உடுத்திவிட்டார். "வெள்ளைக்காரி வாறாள், நாங்கள் குப்பையெண்டு நினைக்கக் கூடாது" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமோ? அடுப்படியில் தேத்தண்ணி போட ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்கு வருகிற மனுசிக்கு வெறும் வாயோடு போக விடுவதா? அடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் கேத்தலைத் தூக்கலாம் என்று கண்டுபிடித்தேன். மூன்று அடி நடைதாங்கி இல்லாமல் தட்டைக் கொண்டுபோகலாம். நாலாவது அடியில் மேசை இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் படுக்கவேண்டும், அது வேறு கதை.

வந்தவரின் பெயர் ஜூலி. மெலிந்த பெண், பனிச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு காலுறையோடு வந்து இருந்தார். நான் எழும்பி நின்று 'பொன்ஜூர்' சொன்னேன். அத்தான் நடுக்கதிரையில். மொழிபெயர்ப்பு அவர்தான். என் பிரெஞ்சு மரக்கறியின் பெயர்களோடு முடிந்துவிடும். என் கணவர் அன்றைக்கு லீவு போட்டுக்கொண்டு யன்னலோரம் நின்றார். அபி பள்ளிக்கூடத்தில்.

ஜூலி கேட்பார். அத்தான் நீளமாக ஏதோ சொல்வார். ஜூலி எழுதுவார். என்னிடம் ஒரு கேள்வியும் வரவில்லை.

"என்னவாம் அத்தான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. வழமையான கேள்வியள்தான். நீர் யோசியாதையும், நான் எல்லாம் விளங்கப்படுத்துறன்."

நான் எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டேன். மூன்று அடி. தட்டு ஆடவில்லை. ஜூலி 'மெர்சி, மெர்சி' என்று வியந்து வாங்கிக் குடித்தார். எனக்குப் பெருமையென்றால் அப்படியொரு பெருமை. போகும்போது அவர் என் கணவரின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். இவர் ஒரு கணம் அத்தானைப் பார்த்தார். பிறகு "உய், உய், மதாம்" என்று தலையாட்டினார்.

"என்ன கேட்டவ?" என்றேன், கதவு சாத்திய பிறகு.

"வெளிப்படி வழுக்குமோ எண்டு கேட்டவ" என்றார் என் கணவர்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. மொன்றியலில் பாதி வீடுகளுக்கு இருப்பதுபோல் வெளியே சுற்றிச் சுழலும் இரும்புப் படி, மாரியில் பனி உறைந்து கிடக்கும். நியாயமான கேள்வி என்று நினைத்தேன். நல்ல மனுசி, என் காலைப்பற்றி யோசிக்கிறாள் என்றுகூட நினைத்தேன்.

அதற்குப் பிறகு அக்கா நாலு நாள் குளிக்கவார்க்க வந்தார். ஐந்தாம் நாள் கடையில் ஆள் குறைவு. அடுத்த கிழமை பனிப்புயல். அதற்கடுத்த கிழமை அவர்களின் மகளுக்கு நாட்டிய அரங்கேற்ற ஒத்திகை. "நாளைக்கு வாறன் பிள்ளை" என்று தொலைபேசியில் சொல்வார். அந்த நாளை வரவேயில்லை. நிலையத்திலிருந்தும் ஒருவரும் வரவில்லை. "வரிசை நீளமாம், பேந்து கூப்பிடுவினமாம்" என்றார் அத்தான். நான் வரிசையில் நிற்கிறேன் என்று நம்பினேன். கல்லுப்போல் நம்பினேன்.

என் கணவர் ஒருமுறை எனக்குக் குளிக்கவார்க்க வந்தார். சவர்க்காரத்தைக் கையில் பிடித்தபடி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் என் கண்ணுக்குள் போனது. இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவருக்கு நேரமில்லை. விடிய முன்னர் டோர்வல், பிறகு புரோசார்ட்.

ஆக, எல்லாம் அபியின் தலையில் விழுந்தது. காலையில் என்னைத் தூக்கி, மலசலகூடத்துக்குக் கொண்டுபோய், தொட்டியின் விளிம்பில் இருத்தி, தண்ணீர் வார்த்து, துவாயால் துடைத்து, உடுப்பு மாட்டிவிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டு ஓடுவாள். பதினைந்து வயதுப் பிள்ளை தன் தாயின் உடம்பை அப்படிப் பார்க்க வேண்டிய தேவை என்ன? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேய்க்கும்போது எனக்கு உயிர் போகும். அவளுக்கு அது கணக்குப் பரீட்சை வருடம். மாசி முடிவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இத்தனை நாள் பிந்தி வந்தாள், இத்தனை நாள் வரவில்லை, இப்படிப் போனால் இந்த வகுப்பைத் திருப்பிப் படிக்க வேண்டிவரும். கடிதத்தை அவள் புத்தகப் பையின் அடியில் ஒளித்திருந்தாள்.

அன்றைக்கு ரோசம் வந்தது எனக்கு. பிள்ளையைப் படுக்க விட்டுவிட்டு நானே குளிக்கப் போனேன். வலது காலைத் தூக்கி வைத்தேன். இடது கால் வரவில்லை. சுவரோடு சறுக்கி நிலத்தில் இருந்துவிட்டேன். நல்லகாலம், எலும்பு முறியவில்லை. ஆனால் எழும்ப முடியாமல், ஈர நிலத்தில், துவாயும் எட்டாத தூரத்தில் கிடந்தேன். என் குரல் கேட்டு அபி ஓடிவந்தாள். வந்தவள் என்னைத் தூக்கவில்லை. பக்கத்தில் நிலத்திலேயே குந்தியிருந்து விம்மி விம்மி அழுதாள்.

"காணும் அம்மா. நான் கோல் பண்ணிக் கேக்கிறன். எவ்வளவு நாளைக்கு வரிசை?"

கேட்டாள். தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, வரிசையே இல்லையாம். எங்கட பைலை அண்டைக்கே மூடிட்டினமாம். குடும்பம் பாக்குது எண்டு எழுதியிருக்காம்."

எனக்கு விளங்கவில்லை. "பிழையான ஆளின்ரை பைல் எடுத்திருப்பினம்" என்றேன்.

தன்னுடைய கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்க இங்கே யாருக்கும் உரிமை உண்டு. இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள். ஒரு படிவம்தான். அபி எடுத்துவந்தாள், நான் கோணல் மாணலாகக் கையெழுத்து வைத்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு தடித்த உறை வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து அவள் பிரெஞ்சில் வாசித்து, நின்று, தமிழில் சொன்னாள்.

"'நோயாளி எழுந்து நின்று வரவேற்றார். உடையும் தலையும் ஒழுங்காக இருந்தன. வீடு மிகவும் சுத்தம். தானாகவே தேநீர் தயாரித்து, நடைதாங்கி இல்லாமல் தட்டில் கொண்டுவந்தார்.' அம்மா, தேத்தண்ணியை ரெண்டு இடத்தில எழுதியிருக்கிறா."

எனக்கு முகம் சுட்டது.

"'மொழிபெயர்த்தவர் கணவரின் அண்ணன். குளிக்க உதவி தேவையில்லை என்கிறார். குடும்பப் பெண்கள் தினமும் வருவார்கள். வெளியார் வந்து பெண்களைத் தொடுவது தங்கள் வழக்கத்தில் இல்லை என்கிறார்.'"

வழக்கத்தில் இல்லையாம்! ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் என்னைத் தொட்டுத் துடைத்தது யார், சொந்தக்காரரா? தன் தம்பி பெண்சாதியைக் குளிக்கவார்க்க அரசாங்கத்து ஆள் படியேறி வருவதை ஊர் பார்த்தால் தன் மரியாதை என்னாவது என்று அந்த மனுசன் பயந்திருக்கிறார். அந்த மரியாதைக்கு என் பிள்ளையின் ஒரு வருடம் விலை. பல்லைக் கடித்துக்கொண்டு, "பேந்து?" என்றேன்.

அபி கடதாசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லு."

"'கணவர் உடனிருந்தார். பிரெஞ்சு நன்றாகப் பேசுகிறார். வீட்டு உதவி வேண்டாம் என்பது உண்மைதானா என்று அவரிடம் நேரடியாகக் கேட்டேன். ஆம், ஆம் என்று உறுதிப்படுத்தினார். கோப்பு மூடப்படுகிறது.'"

வெளிப்படி வழுக்குமோ எண்டு கேட்டவ.

அத்தானை நான் திட்டித் தீர்த்துவிடலாம். அவர் பிறத்தியார். ஆனால் இவர்? அபி பிந்திப் போகிறாள் என்று நான் புலம்பிய இரவுகளில் எல்லாம் இவர் பக்கத்தில் படுத்திருந்தார். "நிலையத்திலயிருந்து இன்னும் கூப்பிடேல்லையே" என்று நான் கேட்டபோதெல்லாம், "கூப்பிடுவினம், நீர் யோசியாதையும்" என்று தலையைத் தடவினார். கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே தடவினார். வருத்தம் என் நரம்பை உரித்தபோது வலி கொஞ்சம்தான். அன்றைக்கு நான் பட்டதுதான் வலி.

அவர் வந்ததும் கடதாசியை முன்னால் வைத்தேன். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, நின்றபடியே வாசித்தார்.

"அண்ணைக்கு முன்னால நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?" என்றார் கடைசியில். "அவர்தானே எங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர். அவரின்ரை கடையிலதானே நிக்கிறன்."

"அண்டைக்குச் சொல்ல ஏலாட்டிப் பரவாயில்லை. அடுத்தநாள் கோல் எடுத்து மாத்திச் சொல்லியிருக்கலாமே? ரெண்டு மாசம் இருந்ததே?"

"அக்கா வருவா எண்டு நினைச்சன்."

"அவ வரேல்லை எண்டு கண்டனீங்கள்தானே!"

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆறாத கோபம். கெட்டவராக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

அபி மறுபடியும் விண்ணப்பம் எழுதினாள். அதில் நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: மொழிபெயர்க்க எங்கள் குடும்பத்தில் இல்லாத ஆள் வேண்டும். அப்படிக் கேட்கலாமாம், கேட்டால் தருவார்களாம். யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பங்குனி மாதம் ஜூலி இரண்டாம் முறை வந்தார். கூடவே கவிதா என்று ஒரு தமிழ்நாட்டுப் பெண், இங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு பகுதிநேரமாக மொழிபெயர்க்கிறவள். வந்தவுடனேயே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, நீங்க சொல்றத அப்படியே சொல்வேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், கொறச்சும் சொல்ல மாட்டேன். ஓகேவா?"

வீடு கூட்டவில்லை. அந்தக் காலை முழுக்க நிலத்தில் கிடந்த தூசியைப் பார்த்து என் கை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலை பிசுபிசுத்துக் கிடந்தது. நான்கு நாளாகக் குளிக்கவில்லை. இரவுச் சட்டையோடு கட்டிலில் இருந்தேன். என் கணவர் யன்னலோரம், அதே இடத்தில். எப்படியோ கேள்விப்பட்டு அத்தானும் ஒரு பை தோடம்பழத்தோடு வந்து நடுக்கதிரையில் இருந்துவிட்டார். ஜூலி வாய் திறக்க முன்னரே பிரெஞ்சில் தொடங்கினார். ஜூலி மரியாதையாகக் கையைக் காட்டி நிறுத்தி, என் பக்கம் திரும்பினார்.

"தனியா குளிக்க முடியுமான்னு கேக்கறாங்க ஆன்ட்டி."

அத்தான் என்னைப் பார்த்தார். பதினேழு வருடம் நான் எதிர்த்துப் பேசாத மனுசன். நான் ஜூலியின் பக்கம் திரும்பினேன்.

"ஏலாது" என்றேன்.

"உடுப்பு மாத்த?"

"ஏலாது."

"தினமும் யாராவது வர்றாங்களா?"

"ஒருத்தரும் வாறேல்லை. என்ரை பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டிட்டுச் செய்யுறாள்."

கவிதா சொல்லச் சொல்ல ஜூலியின் பேனை நின்றது. அவர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார். போன முறை நீங்கள் ஆம் என்றீர்களே, இப்போது எது உண்மை? கவிதா அதையும் எனக்குத் தமிழில் சொன்னாள். இந்த முறை எனக்கு எல்லாம் விளங்கியது.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல். 'அவ சொல்லுறது சரி' என்று ஒரு சொல். அவர் அத்தானைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலி, "பரவாயில்லை, இது ராஜியின் உடம்பு, ராஜி சொல்வதைத்தான் எழுதுவேன்" என்று சொல்லி எழுதினார். கிழமைக்கு மூன்று காலை. அடுத்த திங்களிலிருந்து. முதல்முறையே என்னிடம் கேட்காததற்கு மன்னிப்பும் கேட்டார். பெரிய மனது. ஆனால் அந்த இரண்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்?

அத்தான் விறுக்கென்று எழும்பினார். "எல்லாரும் பெரிய ஆக்களாகிட்டினம்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். தோடம்பழப் பை மேசையிலேயே கிடந்தது.

ஆட்கள் எல்லோரும் போன பிறகு என் கணவர் கதிரைகளை ஒழுங்காக்கினார். யன்னலைத் திறந்தார், மூடினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். சாமி சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"எண்டாலும்" என்றார், "அண்ணைக்கு ஒரு தேத்தண்ணியாவது குடுத்திருக்கலாம்."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

திங்கட்கிழமை மரி வந்தார். ஹெயிட்டியிலிருந்து வந்தவர், பெரிய கை, மெல்லிய குரல். தண்ணீரின் சூட்டைத் தன் கையில் பார்த்து, பிறகு என் கையில் விட்டு, "சவா?", சரியோ, என்று கேட்டுவிட்டுத்தான் முதுகில் வார்த்தார். என் உடம்பைத் தொட முன்னர் என்னிடமே கேட்ட முதல் ஆள். தண்ணீரோடு தண்ணீராக நான் அழுததை அவர் கண்டாரோ தெரியாது. அன்றைக்கு அபி முதல் மணி அடிக்க முன்னரே பள்ளிக்கூடம் போய்விட்டாள். கோடை விடுமுறையில் கணக்கை மட்டும் திருப்பிப் படித்துத் தேறினாள்.

மரி ஆறு மாதம் வந்தார். இப்போது நான் சந்தைக்குத் திரும்பிவிட்டேன். குளிர் நாளில் பாதம் மட்டும் கொஞ்சம் விறைக்கும். மற்றபடி எல்லாம் ஏலும். படியேறுவேன், பெட்டி தூக்குவேன், வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி கொடுப்பேன்.

என் கணவருடைய தேத்தண்ணியை மட்டும் அவரே போட்டுக் குடிக்கிறார். ஏன் என்று இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை.